ஏரிக்கரையில் இளைப்பாறலாமா?

ஓகஸ்ட் மாதம் பதினைந்தாம் நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, உரோமாபுரியில் போய் இறங்கும் வெளிநாட்டார் சற்றுத் திகைத்துத்தான் போவார். கடைகள் பல பூட்டிக் கிடக்கும். ஓர் இறாத்தல் பாண் வாங்குவதற்கும் தெருத்தெருவாக அலைய நேரிடும். பெரிய திருநாளாயிற்றே, சனங்கள் எல்லோரும் கோவிலிலே இருப்பார்களாக்கும் என்று நினைத்தால் அது பாதிதான் உண்மை. மீதிப்பேர் கடற்கரைக்கோ மலைக்கோ ஏரிக்கரைக்கோ குடும்பத்தோடு புறப்பட்டுப் போயிருப்பார்கள். இந்நாளை இத்தாலியர் 'பெராகொஸ்தோ' என்பர். அகுஸ்து சக்கரவர்த்தி கி.மு. 18ஆம் ஆண்டில் ஏற்படுத்திய ஓய்வுநாட்களின் பெயர் அது. பெயர் அஞ்ஞானியருடையது, திருநாள் மாதாவுடையது. இரண்டையும் ஒரே நாளில் கொண்டாடுவதில் அந்த நாட்டுச் சனங்களுக்கு எவ்வித சங்கடமும் இல்லை.

உரோமாபுரிக்கு வடக்கே, ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள், பிராச்சியானோ ஏரி இருக்கிறது. அவிந்துபோன எரிமலைப் பிரதேசத்தில், நிலம் தாழ்ந்த பள்ளத்திலே நீர் நிறைந்து உண்டான ஏரி அது. இன்னும் வடக்கே போனால் பொல்சேனா. தெற்கே அல்பானோவும் நேமியும். உம்பிரியாவில் திரசிமேனோ. அது பரப்பிலே பெரியது, ஆழமோ ஆறு மீற்றர் அளவுதான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலே கார்தா, கோமோ, மஜ்ஜோரே என்ற பெரிய ஏரிகள். இவற்றோடு, மீன் வளர்த்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு தூண்டில் போட அனுமதிக்கும் சின்னச் சின்னக் குளங்கள் நாட்டுப்புறமெங்கும் உண்டு. பாட்டியார் மரநிழலிலே மடக்குக் கதிரை போட்டு இருப்பார். முதல்நாள் இரவே அவித்துச் சுட்ட பஸ்தாவைத் தட்டோடு துணியிலே சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். வத்தகப் பழம் கரையோரத் தண்ணீரிலே குளிர்ந்துகொண்டிருக்கும். ஆண்கள் சீட்டாடுவார்கள். பிள்ளைகள் நீரைவிட்டு வெளியே வரமாட்டார்கள். பொழுது சாயும்வரை வேறொன்றும் நடவாது.

இப்படி ஒரு முழு நாளையும் நீரைப் பார்த்துக்கொண்டே கழிப்பது சரியா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நம்மில் அநேகர், முக்கியமாக மூத்தவர்கள், சும்மா இருப்பவனைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தே பழகியவர்கள். உழைப்பு புண்ணியம், ஓய்வு என்பது நோயாளிக்கும் கிழவருக்கும் உரியது, சுகதேகி ஒருவன் பகல் வேளையில் காலை நீட்டி இருந்தால் அது சோம்பல். சோம்பலோ தலையான பாவங்கள் ஏழில் ஒன்று. ஞானோபதேச வகுப்பிலே அப்படித்தான் படித்தோம்.

அதே வகுப்பில் நமக்குச் சொல்லித் தராத ஒன்றைப் புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்திருக்கிறார். இத்தாலியராகிய அவர் தமது பெரிய இறையியல் நூலில், விளையாட்டிலும் களிப்பிலும் ஒரு புண்ணியம் உண்டா என்று கேட்டு, உண்டு என்றே விடை சொல்கிறார். உடல் களைத்தால் படுக்கிறோம்; மனம் களைத்தால் அதற்குரிய படுக்கை களிப்புத்தான் என்பது அவர் வாதம். அதற்குச் சான்றாகப் பழைய கதையொன்றையும் எடுத்தாளுகிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அப்போஸ்தலர் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனைக் கூப்பிட்டு அம்பு எய்யச் சொன்னார். அவன் எய்தான். இன்னும் எய், இன்னும் எய் என்றார். ஓயாமல் இப்படிச் செய்துகொண்டே இருக்க முடியுமா என்று கடைசியில் கேட்டார். முடியாது, வில் முறிந்துபோகும் என்றான் அவன். மனிதனுடைய மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். இதோடு நிறுத்தாமல், தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுக்கும் மனிதன் மற்றவர்களுக்குப் பாரமாகிறான், அதுவும் ஒரு குற்றமே என்று தோமையார் தொடர்கிறார். வீட்டிலே அப்படிப்பட்ட ஒருவரோடு சீவிப்பவர்கள் இந்த இடத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

களிப்புக்கு அவர் மூன்று வேலிகளும் போடுகிறார். கேடானதிலோ பிறருக்குத் தீங்கானதிலோ இன்பம் தேடக்கூடாது. மனத்தின் நிதானத்தை முற்றாக இழந்துவிடக் கூடாது. ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். இரண்டாவது வேலியைத் தாண்டியவருக்கு உதாரணம் தேடிப் போகத் தேவையில்லை. 1281 முதல் 1285 வரை ஆட்சி செய்த பாப்பரசர் நான்காம் மார்ட்டின், பொல்சேனா ஏரியின் விலாங்கு மீனில் அளவுகடந்த பிரியம் வைத்தவர் என்று, தாந்தே கவிஞர் அவரை உத்தரிக்கிற ஸ்தலத்திலே போசனப்பிரியரின் கூட்டத்தில் நிறுத்திப் பட்டினி போட்டிருக்கிறார். மூன்றாவது வேலிதான், அதிலும் 'இடத்துக்குப் பொருந்த வேண்டும்' என்பதுதான், நம்மைச் சற்று நிற்க வைக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஓய்வு செல்வருக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஓய்வுநாட் கட்டளை வீட்டு எசமானுக்கு மட்டும் தரப்படவில்லை. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் வீட்டிலே தங்கியிருக்கும் அந்நியனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே தரப்பட்டது. 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 36ஆம் உறுப்புரையும் அந்த வழியிலேயே போகிறது. வாராந்த ஓய்வும் சம்பளத்தோடு கூடிய வருடாந்த விடுமுறையும் தொழிலாளியின் உரிமை. அவற்றைத் தான் வேண்டாமென்று விட்டுக்கொடுக்கவும் அவனால் முடியாது. நல்ல சட்டம். வறுமையினால் தன் ஓய்வையே விற்கத் துணிபவனை அது காக்கிறது. ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடையில் அன்று தட்டுத் தூக்கி ஓடுகிறவனுக்கு வேறொரு நாளாவது அந்த நீரைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கிடைக்கிறதா என்று கரையில் இருப்பவன் யோசித்தால் தவறில்லை.

பாப்பரசர்களும் ஏரிக்கரையில் இளைப்பாறியவர்களே. 170 மீற்றர் ஆழமான அல்பானோ ஏரியின் விளிம்பிலே, கஸ்தல் கந்தோல்போ என்னும் ஊரில், எட்டாம் உர்பான் காலமாகிய 17ஆம் நூற்றாண்டு முதல் அவர்களுக்கு வேனில் மாளிகை உண்டு. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1978 ஓகஸ்ட் 6ஆம் நாள் அங்கேதான் மரித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு விடுமுறைக்குப் போகவில்லை. 2016இல் மாளிகையை நூதனசாலையாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 2025 யூலையில் பதினான்காம் லியோ மீண்டும் அந்த ஊருக்கு ஓய்வெடுக்கப் போனார்; பழைய மாளிகையை விட்டு வேறோர் இல்லத்தில் தங்கினார். எவர் செய்தது சரி என்று வாதாடுவோர் உண்டு. இருவரும் சரியே என்பது எமது எண்ணம்.

ஆனால் அந்த ஏரிக்கரை வீட்டின் மிகச் சிறந்த காலம் எந்தப் பாப்பரசரும் அங்கு இளைப்பாறாத காலம். 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேச நாட்டுப் படைகள் அன்சியோவில் இறங்கிய பின், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஓடிவந்த ஏறக்குறைய 12,000 பேர் அந்த வளவுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். மாளிகையின் மண்டபங்களிலும் படிக்கட்டுகளிலும் சனம் படுத்தது. பன்னிரண்டாம் பத்திநாதரின் படுக்கையறை பிரசவ அறையாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்தன. அங்கும் குண்டு விழாமல் இல்லை. பெப்ரவரி மாதத்தில் அவ்வளவுக்குள் விழுந்த குண்டுகளால் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இன்று கீழே ஏரியில் படகு வலிப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது அந்தச் சுவர்தான்.

ஏரி ஒரு காட்சிப்பொருள் மட்டுமல்ல. அதற்கு ஒரு கதையுண்டு. அந்தக் கதையில் யாரோ ஒருவர் விலை கொடுத்திருப்பார். நாம் கேட்க வந்த கடினமான கேள்வி இதுவே: பிறர் இழந்ததனால் உண்டான ஓர் இடத்திலே நாம் நிம்மதியாக இன்புறலாமா?

இதைக் கேட்பதற்கு இத்தாலியின் வடகோடியிலே, ஒஸ்திரியாவும் சுவிற்சர்லாந்தும் வந்து தொடும் மூலையிலே, பொருத்தமான ஓர் ஏரி இருக்கிறது. பெயர் ரேசியா. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்திலே, சுற்றிலும் பனிமலைகள் நிற்க, ஆறு கிலோமீற்றர் நீளத்துக்கு நீலமாய்க் கிடக்கிறது. கோடையில் பாய்மரப் படகு விடுகிறார்கள், சைக்கிளில் சுற்றி வருகிறார்கள், பெரிய பட்டம் இழுக்க அதன்பின்னே நீரில் சறுக்குகிறார்கள். மாரியில் ஏரி உறைந்துவிடும். அப்பொழுது பனிக்கட்டிமேல் சறுக்குகிறார்கள். இவையெல்லாம் வேறு ஏரிகளிலும் உண்டு. ரேசியாவுக்கு மட்டும் உள்ளது, கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கும் ஒரு மணிக்கோபுரம். கோவிலைக் காணோம், கோபுரம் மட்டும் நிற்கிறது. வாகனங்களை வரிசையாக நிறுத்திவிட்டு அதற்கு முன்னே நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் போகிறவர் அரிது.

அது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோபுரம். கிறவுன் என்று செர்மன் மொழியிலும் கூரோன் என்று இத்தாலிய மொழியிலும் அழைக்கப்பட்ட ஊரின் பங்குக் கோவிலுடையது. முன்பு அங்கே இயற்கையான சிறிய ஏரிகள் இருந்தன. மின்சாரம் எடுப்பதற்காக அவற்றின் நீர்மட்டத்தை ஐந்து மீற்றர் உயர்த்துவதே முதல் திட்டம். பின்னர், முசோலினியின் ஆட்சியில், அது 22 மீற்றராக மாற்றப்பட்டது. ஐந்து மீற்றரில் ஊர் தப்பியிருக்கும், இருபத்திரண்டில் தப்பாது. இந்த மாற்றத்தைப் பற்றிய அறிவித்தல் ஊராட்சி மன்றத்திலே ஒட்டப்பட்டது. ஆட்சேபம் உள்ளவர் தெரிவிக்கலாம் என்பதற்காகவே ஒட்டப்பட்டது. ஆனால் அது இத்தாலிய மொழியில் இருந்தது. ஊராரோ செர்மன் மொழி பேசுபவர்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபமில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

விளங்காத பாசையில் வந்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆளைத் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்தது, முசோலினி ஒழிந்தான், திட்டம் ஒழியவில்லை. சுவிற்சர்லாந்திலிருந்து முதலீடு வந்தது. அந்நாட்டுக்கு மாரிகாலத்து மின்சாரம் தேவைப்பட்டது. அப்பொழுது அங்கே பங்குக் குருவாயிருந்த அல்பிரட் றீப்பர் அடிகளார் தம் மக்களுக்காகப் பலரிடமும் மன்றாடினார். உரோமாபுரி வரை சென்று பன்னிரண்டாம் பத்திநாதரையும் கண்டார். பயன் கிட்டவில்லை. 1950இல் மணிகளை இறக்கி எடுத்துவிட்டு, கோவிலையும் வீடுகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோபுரத்தைப் பழைமைச் சின்னமென்று விட்டுவைத்தார்கள். 163 வீடுகளும் 523 ஹெக்டேயர் விளைநிலமும் நீரில் போயின. சிலர் மேட்டிலே புதிய ஊரைக் கட்டிக் குடியேறினர். அங்கே நிலம் போதவில்லை. அநேகர் வேறு இடங்களுக்குப் புலம்பெயர்ந்தனர். மாடு வளர்த்துச் சீவித்த குடியானவருக்குப் புல்வெளி போனபின் ஊர் என்று சொல்ல என்ன மிஞ்சும்?

இப்பொழுது அந்தக் கரையில் நின்று சிரித்தபடி படம் பிடிப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் பாவம் செய்கிறாரா?

இல்லை என்பதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. அணையைக் கட்டியவர் அவரல்ல. அவர் பிறக்கும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. அவர் அழுதாலும் ஊர் மேலே வரப்போவதில்லை. யாருடைய கண்ணீரும் படாத மண்ணிலே மட்டுமே உட்காருவேன் என்று ஒருவர் விரதம் பூண்டால், இந்தப் பூமியில் அவருக்கு உட்கார இடமே இராது. திரசிமேனோ ஏரிக்கரையில் கி.மு. 217ஆம் ஆண்டில் அனிபால் ஆயிரக்கணக்கான உரோமரை வெட்டிச் சாய்த்தான், அதற்காக இன்று அங்கே பிள்ளைகள் நீந்தக்கூடாதா? அதோடு, அந்த மின்சாரம் எத்தனையோ வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது. பொதுநன்மை என்பதும் ஒன்று உண்டல்லவா?

பொதுநன்மை என்ற சொல்லை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பலருடைய தாகம் தீரச் சிலர் இடம்பெயர வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்மையாகவே உண்டு. ஆனால் அந்தச் சிலரைக் கேட்டிருக்க வேண்டும், அவர்களுக்கு விளங்கும் மொழியில் கேட்டிருக்க வேண்டும், இழந்ததற்கு ஈடு கொடுத்திருக்க வேண்டும். இவை நடவாதபோது பொதுநன்மை என்பது பலமுள்ளவனின் நன்மைக்கு இடப்பட்ட மரியாதையான பெயராகிவிடுகிறது. ரேசியாவில் நடந்தது அதுவே என்று நாம் எண்ணுகிறோம். படம் பிடிப்பவரின் குற்றமின்மை வேறு விசயம்.

குருமடத்திலே ஒழுக்க இறையியல் படிக்கையில், ஈடுசெய்தல் என்ற பகுதியிலே ஒரு வகை மனிதரைப் பற்றிப் படித்தோம். பிறருடைய பொருளை, அது திருடப்பட்டது என்று அறியாமல், நேர்மையாக வாங்கி வைத்திருப்பவர். அவர் கள்வன் அல்லர். அவரிடம் பாவமில்லை. ஆனால் உண்மை தெரியவந்த அந்தக் கணத்திலிருந்து அவர் பழைய ஆள் அல்லர். பொருள் அவர் கையில் இருக்கிறது, அதற்குரியவர் வெளியே இருக்கிறார் என்பது இப்பொழுது அவருக்குத் தெரியும். குற்றம் இல்லாமலே கடன் உண்டாகிவிட்டது. குற்றம் வேறு, கடன் வேறு என்ற இந்த வேறுபாடு பல இடங்களில் உதவும். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்பவர் உண்மையே சொல்கிறார். அவரைக் குற்றவாளி என்று நாம் சொல்லவுமில்லை.

ரேசியாவின் கரையில் நிற்பவர் அப்படிப்பட்டவர். கோபுரம் ஏன் நீரில் நிற்கிறது என்று அறியும்வரை அது அவருக்கு ஒரு வேடிக்கை. அறிந்த பின்பும் அவர் நீந்தலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம். ஆனால் இடத்துக்குப் பொருந்த வேண்டும் என்று தோமையார் போட்ட வேலி இப்பொழுது அவருக்குக் கண்ணுக்குத் தெரியும். செத்தவீடு நடந்த வீட்டிலே ஒரு வருடத்துக்குப்பின் கலியாணம் நடக்கிறது. பந்தலிலே சிரிப்பும் பேச்சும் உண்டு. என்றாலும் சுவரிலே மாலைபோட்ட படத்தின் கீழே நின்று யாரும் கூத்தடிப்பதில்லை. எவரும் தடுத்ததனால் அல்ல. எந்த வீட்டில் நிற்கிறோம் என்று தெரிந்ததனால்.

அறிய மறுப்பதுதான் கெட்டது. பிள்ளை "கோவில் எங்கே?" என்று கேட்கும்போது, "அதெல்லாம் பழைய கதை, படத்துக்கு நில்" என்று சொல்லும் தகப்பன் ஒரு சிறிய அநியாயம் செய்கிறான் என்றே நமக்குப் படுகிறது.

கடன் என்று சொன்னால் தீர்க்கும் வழியும் சொல்ல வேண்டும். சில கடன்களைத் தீர்க்க முடிகிறது என்பதற்கு இத்தாலியிலேயே இன்னோர் ஏரி சாட்சி. பியெமொந்தே மாகாணத்திலுள்ள ஓர்தா ஏரி சிறியது, அழகியது. 1926இல் அதன் தென்கரையிலே செயற்கைப் பட்டு நெய்யும் ஆலையொன்று செம்பும் அமோனியமும் கலந்த கழிவை ஏரிக்குள் விடத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் மீன் இல்லை, மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் இல்லை. அமோனியம் நீரிலிருந்த பிராணவாயுவைத் தின்று அமிலத்தை விட்டுச் சென்றது. பின்னர் சுற்றியிருந்த உலோக மெருகூட்டும் பட்டறைகளும் தங்கள் பங்கைச் சேர்த்தன. மேலே பார்த்தால் நீர் தெளிந்திருந்தது. உயிரற்ற நீர் தெளிவாகத்தான் இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்து அழகென்று மெச்சியவர்களும் இருந்திருப்பார்கள்.

சட்டங்கள் கடுமையாகிக் கழிவு குறைந்தபின்னும் அமிலம் தானாகப் போகவில்லை. எனவே 1989, 1990ஆம் ஆண்டுகளில் படகுகளிலிருந்து பத்தாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட சுண்ணாம்புக்கல் மாவை ஏரியெங்கும் தூவினார்கள். மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள பலன்சா என்ற ஊரின் நன்னீர் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் அந்த நீரை அளந்து அளந்து வகுத்த வழி அது. அமிலம் நீங்கியது. சிற்றுயிர்கள் திரும்பின, மீன்கள் திரும்பின. இப்பொழுது அங்கே கோடையில் குளிக்கிறார்கள். 1926இல் குழாயைத் திறந்துவிட்டவர்களும் 1989இல் சுண்ணாம்பு தூவியவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். செய்தவர் ஒருவர், தீர்த்தவர் இன்னொருவர். குற்றமில்லாதவர்கள் கடனை எடுத்துத் தீர்த்தார்கள்.

அந்த ஏரியின் நடுவிலே சான் யூலியோ என்றொரு சிறு தீவு உண்டு. 1973 முதல் அங்கே ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் வாழ்கின்றனர். பழைய திருவுடைகளையும் துணிகளையும் இழை இழையாகப் பழுதுபார்ப்பது அவர்களுடைய கைத்தொழில்களில் ஒன்று. தீவைச் சுற்றிச் செல்லும் ஒடுங்கிய பாதைக்கு மௌனத்தின் வழி என்று பெயர். படகில் வந்திறங்கும் சுற்றுலாக்காரரும் அதில் குரலைத் தாழ்த்திக்கொண்டே நடக்கிறார்கள். குரலைத் தாழ்த்தியதனால் அவர்களுடைய விடுமுறை கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஆனால் ரேசியாவுக்குத் தூவச் சுண்ணாம்பு இல்லை. தகர்த்த வீடுகளைக் கட்டியெழுப்ப முடியாது. இருக்கும் கோபுரத்தையாவது காப்போம் என்று 2009இல் அதைச் சீர்செய்தார்கள். மாரிகால இரவுகளில் கோபுரத்திலிருந்து மணியோசை கேட்கும் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. மணிகள் 1950இலேயே இறக்கப்பட்டுவிட்டன என்பது கதை சொல்பவர்களுக்கும் தெரியும்.

2021ஆம் ஆண்டு இளவேனிலில் திருத்த வேலைகளுக்காக ஏரியின் நீரை வடித்தார்கள். எழுபது ஆண்டுகளாக மறைந்திருந்த படிகளும் நிலவறைகளும் சுவர்களின் அடிப்பாகங்களும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வந்தன. சனங்கள் இறங்கி அந்தக் கற்களுக்கிடையே நடந்து பார்த்தார்கள். வீடுகளுக்குள் ஏறும் படிகள் சில அப்படியே இருந்தன. பின்னர் நீரை மீண்டும் நிரப்பினார்கள்.